‘உப்புத் தண்ணி’ என்று எழுதிய தொட்டி

தூத்துக்குடியில் பிறந்து, உப்பளக் காற்றைத் தின்று வளர்ந்து, வெளிநாட்டிலிருந்து உப்பு வரவழைக்கிற ஒரே ஆள் நான்தான் என்று பக்கத்துக் கடை அண்ணாச்சி தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கூரியர் வண்டி வந்து அந்தக் கனத்த டப்பாவை என் வாசலில் இறக்கினால் போதும், கல்லாவை விட்டு எழுந்து வந்துவிடுவார். அவர் கடை வாசலில் கல்லுப்பு மூட்டை வாய் திறந்து கிடக்கும், வெயிலில் பார்க்கிறவன் கண்ணைக் கூசவைத்துக்கொண்டு.

“வந்துட்டா ஒம்ம உப்பு? கடக்கரைக்காரன் வீட்டுக்குக் கப்பல்ல உப்பு வருது. கேட்டவன் சிரிப்பான் வே.”

“இது வேற உப்பு, அண்ணாச்சி.”

“உப்புல என்ன வேற உப்பு? அத வச்சு என்ன செய்யப் போறீரு?”

“நல்ல தண்ணியில கரைச்சுக் கடல் செய்யப் போறேன்.”

அவர் கிழக்கே கையை நீட்டுவார். வீடுகளுக்கும் துறைமுகத்துக் கிரேன்களுக்கும் பின்னால் கடல் கிடக்கும். “அன்னா, செஞ்சு வச்சிருக்கான்லா. அது பத்தாதா ஒமக்கு?”

பத்தவில்லை. கடல் ரொம்பப் பெரியது. அது என்னிடம் எதையும் நின்று சொல்வதில்லை. பாதிச் சொல்லைக் கரையில் போட்டுவிட்டு மீதியை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. கூடத்தில் ஒரு பெஞ்சு நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் ஒரு கைப்பிடிக் கடலைக் குடியேற்றி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்த பிறகுதான் எனக்குக் கடல் கொஞ்சம் புரிந்தது. நடுவில் ஒரு தோல் பவளம்: காளான் போலத் தண்டு, அதன் மேல் விரல் விரலாக விரிந்து நீரோட்டத்தில் ஆடும் குடை. அதன் காலடியில் பச்சையும் ஆரஞ்சுமாகப் பொத்தான் பவளங்கள், சட்டைப் பொத்தான் அளவில், ஒவ்வொன்றைச் சுற்றியும் இமை முடி. இரண்டு கோமாளி மீன்கள். சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு சின்ன இறால். கையை உள்ளே விட்டால் ஏறி வந்து நகக்கண்ணில் அழுக்கு எடுக்கும். என் மகள் அதை நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

கல் பவளம் வைக்கவில்லை. சட்டப்படி வைக்கக் கூடாது, தொட்டாலே குற்றம். ஆனால் வீட்டில் அதுவும் இருந்தது. தொட்டிக்குப் பின்னால் பழைய சுவரில் காரை உதிர்ந்த இடத்தில் பூப்பூவாகத் தெரிவது முருகைக்கல்தான். எப்போதோ தீவுகளிலிருந்து பவளப் பாறையை வெட்டித் தோணியில் ஏற்றி வந்து இந்த ஊர் வீடு கட்டிக்கொண்டது. செத்த பவளத்துக்கு முன்னால் உயிருள்ள பவளம் ஆடும். எடுத்ததில் ஒரு கைப்பிடியைத் திருப்பி வைப்பதாக எனக்கொரு நினைப்பு. வெறும் நினைப்புத்தான். நல்ல நினைப்பு.

கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உப்பு வாங்குவதற்குக் காரணம் இருந்தது. முதல் தொட்டிக்குக் கடல் தண்ணீரைத்தான் ஊற்றினேன். முட்டளவு இறங்கி வாளியில் கோரிக்கொண்டு வந்தேன். கரையோரக் கடல் கடலே இல்லை. ஊர் கழுவி விட்டதும் படகு கக்கிய டீசலும் அலையோடு கலந்து நிற்கும் ஒரு சந்தேகம் அது. ஒரு வாரத்துக்குள் தொட்டி பாலாகத் திரிந்துபோனது. அதற்குப் பிறகு கடலை நான் நம்பவில்லை. வடிகட்டிய நல்ல தண்ணீர், டப்பா உப்பு, உப்பின் அடர்த்தி பார்க்க ஒரு கண்ணாடிக் குழல். கண்ணில் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பார்த்தால் நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே ஒரு கோடு விழும். அந்தக் கோட்டில்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் நின்றன.

ஞாயிறு என்றால் வாளி. பழைய தண்ணீரை உறிஞ்சி வெளியே கொட்டுவேன். புதிதாகக் கரைத்ததை உள்ளே விடுவேன். தரை நனையும், லுங்கி நனையும், என் மனைவியின் பொறுமை நனையும். ஒரு வாரம் விட்டால் பவளம் முகம் சுருக்கும், இரண்டு வாரம் விட்டால் பாசி ஏறும். அதனால் நான் ஊரை விட்டு நகர்ந்ததில்லை. வேலையோ சரக்கு ஏற்றி அனுப்பும் ஓர் அலுவலகத்தில். பெட்டி பெட்டியாக உப்பும் முந்திரியும் துணியும் உலகத்துத் துறைமுகங்களுக்கெல்லாம் என் கையெழுத்தோடு போகும். நான் போக மாட்டேன். கால் ஒரு இடத்தில் நிற்காதவன் நான், கூடத்துக்குள்ளேயே நாளெல்லாம் நடக்கிறவன். ஆனால் ரயில் ஏறு என்றால் தொட்டியைக் காட்டிவிடுவேன். எங்கும் போகாமல் இருக்க மனுசனுக்கு ஒரு காரணம் வேண்டும். என் காரணத்துக்குச் செவுள் இருந்தது.

மகள் கல்யாணமாகிப் புனேவில் இருக்கிறாள். மனைவி இரண்டு மூன்று தடவை தனியாகத்தான் போய்வந்தாள். அப்புறம் மகள் உண்டானாள். முதல் பேறு தாய் வீட்டில் என்பது எங்கள் வழக்கம். பிரசவத்துக்கு அவள் இங்கே வர வேண்டும். ஆனால் அங்கே டாக்டர் ரயில், விமானம் இரண்டும் கூடாது என்று சொல்லிவிட்டார். தாய் வீடுதான் இனி அங்கே போக வேண்டும்.

போனில் கேட்டாள்: “ரெண்டு பேரும் வரீங்கல்லப்பா?”

நான் தொட்டியைப் பார்த்தேன். எதிரே தோல் பவளம் ஆடிக்கொண்டிருந்தது.

“சரிப்பா. தொட்டி இருக்குல்லா,” என்றாள். அதில் கோபம் இல்லை. எனக்கு ஒரு தப்பிக்கும் வழியை அவளே திறந்துவிட்டாள். அதுதான் சுட்டது.

போனை வைத்ததும் மனைவி சமையற்கட்டிலிருந்து சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமலே: “ஒங்களுக்கு ஒரு ‘ல்’ கொறையுது. தொட்டியப் பாத்துக்கிட்டே இருங்க, தொட்டிலப் பாக்காம விட்டுருவீய.”

அலுவலக நேரம் போகக் கவிதை எழுதுகிற ஆள் நான்; சொல்லை வைத்துப் பிழைக்கிறவன் என்று என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரே ஒரு எழுத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து அடித்தாள்.

அப்படித்தான் தண்ணீரைத் தானே மாற்றும் இயந்திரம் வீட்டுக்குள் வந்தது. பேரப்பிள்ளை பிறக்கும்போது நான் அங்கே இருக்க வேண்டும். திரும்பி வரும்போது தொட்டியும் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைக்கூட விட எனக்கு மனமில்லை.

அதைப் பூட்டித் தந்தவன் என் மைத்துனன், மனைவியின் தம்பி. துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் டக் படகில் இன்ஜின் வேலை. எந்தப் பம்பைப் பார்த்தாலும் சொந்தக்காரனைப் பார்த்தமாதிரி முகம் மலரும்.

“இதுல என்ன இருக்கு அத்தான்? கப்பல் சாயாம நிக்கப் பேலஸ்ட் தண்ணிய எடுக்குதான், விடுதான். ஒரு பக்கம் உள்ள, ஒரு பக்கம் வெளிய. ஒங்க கூடத்துல நிக்குறதும் ஒரு கப்பல்தான், என்ன, ஓடாது.”

“ஒங்க அத்தானும் ஓட மாட்டாருலே. அதான் ரெண்டும் சேந்து கெடக்கு,” என்றாள் அவன் அக்கா.

கைக்கு அடக்கமான ஒரு பம்பு. உள்ளே உருளைகள் சுழன்று ரப்பர் குழாயைப் பிதுக்கிப் பிதுக்கித் தண்ணீரைத் தள்ளும், மாட்டு மடியைப் பீச்சுகிற மாதிரி. அதற்கு இரண்டு தலை. ஒரு தலை தொட்டியின் பழைய தண்ணீரைச் சாக்கடைக்கு எடுக்கும். மற்றது அதே அளவு புதுத் தண்ணீரை உள்ளே விடும். ஞாயிற்றுக்கிழமை வாளி வாளியாகச் செய்ததை வாரமெல்லாம் சொட்டுச் சொட்டாகச் செய்யும். இரண்டு தலையும் ஒரே அளவு பிதுக்க வேண்டும் என்பதுதான் கண்டம். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, ஒன்று எப்போதும் கொஞ்சம் கூடக் குடித்தது. அளவுக் குவளையை வைத்துக்கொண்டு நானும் மைத்துனனும் பிடித்துப் பிடித்துப் பார்த்தோம். கூட்டினோம், குறைத்தோம், மறுபடி பிடித்தோம்.

அதோடு இன்னொன்றும் இருக்கிறது. தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்; உப்பு போகாது. உப்பளத்து ஊர்க்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. போன தண்ணீரின் இடத்தில் நல்ல தண்ணீர்தான் விழ வேண்டும். அதற்கு ஒரு மிதவை வால்வு, தனியாக ஒரு நீல டிரம்மு. கரைத்த உப்புநீருக்கு மாடியில் வைக்கிற மாதிரிக் கறுப்புத் தொட்டி ஒன்று. இரண்டையும் பின்கட்டில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தோம். கையிலிருந்த டப்பா உப்பு முழுவதையும் கரைத்துக் கறுப்புத் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினேன். நாங்கள் திரும்பி வரும்வரை தாங்கும்.

இயந்திரம் ஓடத் தொடங்கிய அன்று அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு முனகல், ஒரு நிறுத்தம். மறுபடி ஒரு முனகல். தூங்குகிறவர் மூச்சைப் போல. பின்கட்டில் குழாய் வழியே பழைய தண்ணீர் சொட்டியது. அரை மணி நேரத்தில் அதன் கீழே ஒரு சருவப் பானை வந்து உட்கார்ந்திருந்தது.

“ஏளா, அது சாக்கடைக்குப் போற தண்ணி.”

“போட்டும். சொட்டுறதப் பாத்துட்டு எப்பிடிச் சும்மா இருக்க? முற்றம் கழுவிக்கிடுதேன்.”

இந்த ஊரில் வளர்ந்த யாருக்கும் ஒழுகும் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தெரியாது. ஏதாவது ஒன்றை ஏந்திவிடுவார்கள். அல்லது ஏதாவது ஒன்றை நிரப்பிவிடுவார்கள். அதை அன்றைக்கே நான் யோசித்திருக்கலாம்.

கிளம்புவதற்கு முன் தடித்த பேனாவை எடுத்து இரண்டு தாளில் எழுதி ஒட்டினேன். நீல டிரம்மில் ‘நல்ல தண்ணி’. கறுப்புத் தொட்டியில் ‘உப்புத் தண்ணி’. ஒரு வரியில் ஒரு சொல் சரியாக உட்காரவில்லை என்றால் நான் வாரக்கணக்கில் அலைவேன். அன்று தள்ளி நின்று பார்த்தேன்; இதைவிடத் தெளிவாக எழுத முடியாது என்று தோன்றியது.

சாவி அண்ணாச்சியிடம். மைத்துனனுக்குப் படகில் எப்போது அழைப்பு வரும் என்று தெரியாது. அண்ணாச்சிதான் சுவருக்கு அந்தப் பக்கம். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

“நல்ல தண்ணி டிரம்மு கொறைஞ்சா மட்டும் கேன் தண்ணி ஊத்துங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். மீனுக்கு எரை அதுவா விழும்.”

“இவ்வளவுதான? நீரு போயிட்டு வாரும். பிள்ளை மாதிரிப் பாத்துக்கிடுதேன்.”

தொட்டிக்கு எதிரே ஒரு சின்னக் கேமராவும் மாட்டியிருந்தான் மைத்துனன். போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். ரயில் மணியாச்சியைத் தாண்டுவதற்குள் பல தடவை பார்த்துவிட்டேன். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புனேவில் மழை தூறிக்கொண்டே இருந்தது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடப்பாள், நான் கூட நடப்பேன். நடப்பதற்கு அங்கே எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. ஊரில் தொட்டி தன்னைத் தானே மாற்றிக்கொண்டிருந்தது, நான் இல்லாமல், என்னிடம் கேட்காமல். முதலில் அது வலித்தது. பிறகு மெல்ல ஒரு விடுதலையாக மாறியது. போனை எடுக்காமலே ஒரு மத்தியானம் முழுக்கப் போனது எனக்கே தெரியவில்லை.

பிறகு ஒருநாள் தோல் பவளம் விரலை உள்ளே இழுத்துக்கொண்டது.

எனக்குப் பயம் வரவில்லை. அது அப்படித்தான், இடையிடையே சில நாள் மூடிக்கொண்டு மெழுகு போன்ற மேல்தோலை உரிக்கும். உரித்ததும் முன்னைவிடப் பெரிதாக விரியும். உரிக்கட்டும் என்று இருந்தேன். ஒரு நாள், இன்னொரு நாள். கேமராவில் அது வெறும் கட்டையாக நின்றது. மகளுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்த காலையில், வராந்தாவில் உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். பொத்தான் பவளங்களும் மூடியிருந்தன. பச்சை இல்லை, ஆரஞ்சு இல்லை. பாறை முழுக்க மூடிய கண்கள்.

தோல் உரிப்பது தோல் பவளம் மட்டும்தான். பொத்தான்கள் மூடினால் தண்ணீரில் ஏதோ சரியில்லை.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

“பிள்ளை பொறந்துட்டா?”

“இன்னும் இல்ல அண்ணாச்சி. தொட்டியில ஏதாவது செஞ்சீயளா?”

“நான் என்னத்தச் செய்யப் போறேன்? சொன்ன மாதிரி நல்ல தண்ணி ஊத்துனேன். எல்லாம் நல்லா ஓடுது. அந்த உப்புத் தண்ணிதான் ரொம்பக் கொறைஞ்சு கெடந்தது. கால்வாசிதான் இருந்தது. நீரு சொல்ல மறந்துட்டீரு போலன்னு நானே நெறச்சு விட்டுட்டேன்.”

“எத வச்சு நெறச்சீய?”

“எத வச்சா? உப்புத் தண்ணிய வச்சுத்தான். கல்லுப் பக்கத்துலயே கொழாய் இருக்குல்லா. அதத் தொறந்து ஓசைப் போட்டு விட்டேன். தளும்பத் தளும்ப நெறஞ்சுட்டு.”

போனைக் காதில் வைத்தபடியே எழுந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் உப்புத் தண்ணி என்றால் கடல் இல்லை. போர் தண்ணீர். துணிக்கும் பாத்திரத்துக்கும் முற்றத்துக்கும் ஆகிற, சோப்பு நுரைக்காத, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிற கரிப்புத் தண்ணீர். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு குழாய்: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. கடலில் இருப்பதைக் கடத்தண்ணி என்போம். அதை எவனும் உப்புத் தண்ணி என்று சொன்னதே கிடையாது, நானும்தான் சொன்னதில்லை. அந்த ஒரு தாளில் மட்டும், பவளம் வளர்க்கிற படித்த மனுசனாக நின்றுகொண்டு எழுதிவிட்டேன். அண்ணாச்சி ஊர்க்காரனாக நின்று படித்துவிட்டார். தாளில் எழுதியிருந்தபடிதான் செய்திருக்கிறார். அந்தத் தண்ணீரை இயந்திரம் நாள் தவறாமல் உள்ளே பீச்சிக்கொண்டிருந்தது, அதுவும் சொன்னபடி.

“அண்ணாச்சி, மொதல்ல அந்தப் பம்பு ஒயர உருவுங்க.”

சாவி திறக்கிற சத்தம் கேட்டது. “உருவிட்டேன். என்ன வே, தப்பாயிட்டா?”

சொன்னேன். பின்கட்டுக்குப் போய்த் தொட்டி மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு, “உப்புத்தான கொறையுது? கடையில கல்லுப்பு மூட்டையே கெடக்கு. ரெண்டு படி அள்ளிப் போட்டுருவா?”

“ஐயோ வேண்டாம் அண்ணாச்சி! அந்த உப்பு ஆகாது. கடல்ல இருக்குற மத்ததெல்லாம் உப்பளத்துப் பாத்தியிலயே நின்னு போயிரும்.”

“அப்ப வேற என்னதான் செய்ய? சொல்லும் வே, சங்கடமா இருக்குல்லா.”

என்ன செய்ய என்று எனக்கும் தெரியவில்லை. டப்பா உப்பு ஒரு சிட்டிகை மிச்சமில்லை. கேட்டு வரவழைத்தால் வந்துசேர நாளாகும். போனில் விமானச் சீட்டுப் பக்கத்தைத் திறந்துவிட்டேன். இதை மறைக்கப் போவதில்லை, திறந்தேன். மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“உள்ள கூப்புடுதா. ரெண்டு வார்த்தை பேசிட்டு அப்புறம் எங்க வேணும்னாலும் போங்க,” என்றாள்.

மகள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலைமாட்டில் கம்பியில் தொங்கிய பையிலிருந்து சொட்டுச் சொட்டாக அவள் கைக்குள் ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது. வலி வந்து போன இடைவெளியில் என்னைப் பார்த்தாள்.

“பொத்தானும் மூடிருச்சுல்லப்பா?”

“ஒனக்கெப்பிடித் தெரியும்?”

“மாமா எனக்கும் கேமராவப் போட்டுக் குடுத்துட்டாங்க. தெனமும் பாத்துட்டுத்தான் இருக்கேன். எனக்கு வீட்டுக் கூடம் அதுல மட்டுந்தான தெரியுது.” மூச்சு வாங்கினாள். “என்னாச்சு?”

சொன்னேன். உப்புத் தண்ணி என்று எழுதியதையும், அண்ணாச்சி குழாயைத் திறந்ததையும். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அடுத்த வலியும் வந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பும் முனகலுமாக ஒரு சத்தம். அது ஓய்ந்ததும் சொன்னாள்:

“மாமா டக்ல வெளிய போவாங்கல்லா, கப்பலக் கூப்புட? அங்கன தண்ணி கண்ணாடியா இருக்கும்ப்பா. கேன்ல கோரிட்டு வரச் சொல்லுங்க.”

“கடத்தண்ணியா? அன்னைக்கு ஊத்தி என்னாச்சுன்னு...”

“அது கரைத் தண்ணி. நீங்க முட்டளவுக்கு மேல எறங்கவே இல்லையேப்பா.”

நர்ஸ் எங்களை வெளியே போகச் சொன்னார். போகும்போது அந்தப் பையில் என்ன என்று கேட்டேன். “சலைன்,” என்றார். உப்புத் தண்ணீர்தான். சரியான அளவில், சரியான வேகத்தில்.

விமானச் சீட்டுப் பக்கத்தை மூடினேன். மைத்துனனை அழைத்தேன்.

“இவ்வளவுதான அத்தான்? மத்தியானம் ஒரு கப்பல் வருது. துறைமுகக் கட்டெல்லாம் தாண்டி நல்லா உள்ள போயி எடுத்துட்டு வாரேன். எங்க கேப்டன் கேட்டாருன்னா என்ன சொல்ல?”

“மருமக பிரசவத்துக்குன்னு சொல்லுலே.”

“கடத்தண்ணியா? நல்ல பிரசவம்.”

அந்த மத்தியானம் எனக்கு இரண்டு இடத்தில் ஒரே வேலை: காத்திருப்பது. மூடிய கதவின் ஒரு பக்கம் மகள். போனுக்குள் என் கூடம். கேன்களைத் தோளில் வைத்துக்கொண்டு மைத்துனன் படத்துக்குள் நுழைந்தான். பின்னாலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணாச்சி. படத்தைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போய்க் கறுப்புத் தொட்டியைக் காலி செய்து, கழுவி, துணியில் வடிகட்டிக் கடலை ஊற்றினார்கள். மைத்துனன் கேமரா முன்னால் திரும்பி வந்து, கண்ணாடிக் குழலைக் கண்ணில் வைத்துப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினான். நேரே தொட்டியிலேயே ஊற்றிவிடலாமே என்றார் அண்ணாச்சி. கூடாது என்றேன். இறங்கிய உப்பு எப்படி இறங்கியதோ அப்படியே ஏற வேண்டும். திடீரென்று சரிசெய்வதும் ஒரு அடிதான். பம்பை மறுபடி மாட்டினார்கள். அதன் முனகல் எனக்குக் கேட்கவில்லை, ஆனால் கேட்டது.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. என் பழைய வாளிக் கணக்கில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் போர் தண்ணீரை மொத்தமாக உள்ளே விட்டிருந்தால் சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்திருக்கும். இயந்திரத்துக்குச் சரி தப்புத் தெரியாது. ஆனால் அது தப்பைக்கூடச் சொட்டுச் சொட்டாகத்தான் செய்கிறது. அந்த நிதானத்துக்குள் ஒரு மனுசன் போனை எடுக்க நேரம் இருந்தது. ஒரு படகு வெளியே போய்த் திரும்ப நேரம் இருந்தது. அவசரக்காரன் நான், வாழ்க்கை முழுக்க அவசரத்தையே வேகம் என்று நினைத்துவிட்டேன்.

பொழுது சாய்வதற்கு முன்னால் கதவு திறந்தது. பேத்தி. மனைவி வாங்கி என்னிடம் நீட்டினாள். இத்தனை நாள் வாளி தூக்கிய கையில் வாங்கினேன். பிள்ளை இறுக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. அவசரமில்லை என்று சொன்னேன். அவளிடம்தான் சொன்னேன், அப்போது வேறெதுவும் என் நினைவில் இல்லை.

பொத்தான்கள் ஒவ்வொன்றாகத்தான் திறந்தன. ஒரு நாள் ஓரத்தில் இரண்டு, மறுநாள் கொஞ்சம். மகள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, “பாத்தீங்களா, இன்னொண்ணு” என்று போனைக் காட்டுவாள். தோல் பவளம் கடைசியாக விரிந்தது. நர்ஸம்மா மட்டும் வரவில்லை. பாறை இடுக்கில் அதன் வெறும் ஓடு கிடந்ததாக மைத்துனன் சொன்னான். சட்டையைக் கழற்றி வைத்ததாக இருக்கலாம், இறால் அப்படிக் கழற்றும் என்று நம்பிப் பார்த்தோம். அப்புறமும் அது வெளியே வரவேயில்லை. மகளிடம் சொன்னபோது அவள் தன் விரல் நகங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளையைத் தொட்டிலில் போடும் நாள் நெருங்கியது. தாய் வீட்டுத் தொட்டில்தான் வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள். மகள் கிடந்த மரத்தொட்டில் எங்கள் பரணில் இருந்தது. எடுத்து வர நான் மட்டும் ஊருக்கு ரயில் ஏறினேன்.

வீட்டைத் திறந்ததும் முதலில் சத்தம்தான் வந்தது. முனகல், நிறுத்தம். தோல் பவளம் எல்லா விரலையும் நீட்டிக்கொண்டு, நான் போனபோது இருந்ததைவிட அகலமாக, முருகைக்கல் சுவருக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. உட்காராமல் நின்றே பார்த்தேன். பிறகு பின்கட்டுக்குப் போனேன். கறுப்புத் தொட்டியில் என் தாளைக் காணவில்லை. அந்த இடத்தில் கடைச் சுண்ணக்கட்டியால், மூட்டை மேல் எழுதுகிற பெரிய எழுத்தில் எழுதியிருந்தது:

‘கடத்தண்ணி. யாரும் தொடாதிய. நானும்.’

பரணிலிருந்து தொட்டிலை இறக்கி, கழற்றி, சாக்கில் சுற்றிக் கட்டினேன். ஆட்டோவில் ஏற்றும்போது அண்ணாச்சி ஒரு முனையைப் பிடித்தார். பெரியவர், கையில் பலம் இருந்தது.

“இனி அந்த டப்பா உப்பு வருமா வே?”

“பாதிக்குப் பாதி, அண்ணாச்சி. மச்சினன் வெளிய போகும்போது கடலும் வரும், வராதப்ப உப்பும் வரும்.”

“ம். கடலுக்கும் ஒரு வேலை குடுத்திருக்கீரு.” சாக்குக்குள் இருந்ததைத் தட்டிப் பார்த்தார். “மறுபடி எப்ப வருவீரு?”

தெரியாது என்றேன். அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு இத்தனை வயதாகியிருந்தது. சாவியை அவர் கையில் வைத்தேன். வீட்டுக்குள் தொட்டி தன் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தது. நான் தொட்டிலை மடியில் சாய்த்துக்கொண்டு, ஸ்டேசனுக்குப் போகச் சொன்னேன்.